எழுதியிருப்பதற்கு மேல் பேசாதவர்

கீழ்பென்னாத்தூர் போகும் பேருந்தில் மாணவிகளின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஜேக்கப் அண்ணன் அழைத்தார். எங்கள் சபையின் செயலர் அவர். எப்போதும் "ஸ்தோத்திரம் டீச்சர்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அன்று அது வரவில்லை.

"டீச்சர், பாஸ்டர் போய்ட்டாரு. காலையில காப்பி கேட்டாரு, நான் கொண்டாரதுக்குள்ள மூச்சு நின்னுடுச்சு. நீங்க வந்துடுங்க."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். இரண்டு பக்கமும் நெல் வயல். எதிர்ச்சாரியில் திருவண்ணாமலைப் பேருந்துக்காக நின்றிருந்த ஓர் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, எறங்கி இந்தாண்ட வந்துட்ட? எதனா மறந்துட்டியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. எங்க பாஸ்டர் செத்துட்டாரு. ஏழுமலைன்னு பேரு."

"ஏழுமல சாமியா? பெரியாஸ்பத்திரில வந்து நோயாளிங்க பக்கத்துல குந்திக்கினு இருப்பாரே, அவரா?" அந்த அம்மா கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். "எங்க ஊட்டுக்காரரு படுத்திருக்கச்சொல்லோ வந்தாரும்மா. ஜெபம் பண்ணட்டுமான்னு கேட்டாரு. நாங்க வேற சாமி கும்புடறவங்க, வேணாங்கன்னேன். சரிம்மான்னுட்டு வெளிய போயி இட்லி வாங்கியாந்து குடுத்தாரு. மறுநாளும் வந்தாரு. ஜெபத்தப் பத்தி மறுக்கா கேக்கவே இல்ல."

அவரைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை, அவர் இறந்த செய்தி கேட்ட சிறிது நேரத்திற்குள், முன்பின் அறியாத ஒருவர் சொல்லக் கேட்டேன். அவரை அறிந்த உங்கள் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒன்று இருக்கும். என்னிடம் இருப்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

அவருடைய பெயரிலிருந்தே தொடங்க வேண்டும். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் மணிலாக் கடலையும் நெல்லும் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரியில் படிக்கும்போது விடுதி நண்பர் ஒருவர் கொடுத்த சுவிசேஷப் புத்தகத்தை, குறை கண்டுபிடிப்பதற்காக வாசிக்கத் தொடங்கியதாகச் சொல்வார். வாசித்து முடித்தபோது குறை கண்டது தானல்ல, அந்தப் புத்தகம்தான் தன்னிடம் குறை கண்டது என்பார். ஞானஸ்நானத்தின்போது சாமுவேல் என்றோ டேனியல் என்றோ பெயர் வைக்கச் சொன்னார்களாம். "பேரை மாத்தணும்னு வேதத்துல எங்க போட்டிருக்கு? மனச மாத்திக்கன்னுதான் போட்டிருக்கு. அது செய்யறதுக்கே ஆயுசு பத்தாது" என்று சொல்லி, பெற்றோர் வைத்த பெயரோடே தண்ணீரில் இறங்கினார். அந்தப் பெயரோடேதான் இப்போது மண்ணுக்குள்ளும் போயிருக்கிறார்.

வேதத்தில் எங்கே இருக்கிறது என்ற இந்தக் கேள்வியை அவர் பிறரிடம் கேட்டதைவிடத் தன்னிடம் கேட்டுக்கொண்டதே அதிகம். நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. அவருடைய பிரசங்கத்தை முதன்முதலில் கேட்ட ஞாயிற்றுக்கிழமை, வாசலில் எல்லோருக்கும் கைகுலுக்கிக்கொண்டிருந்தவர் என்னிடம் வந்தபோது, "டீச்சர், நீங்க வார்த்தையப் பாக்கிறவங்க. இன்னைக்கு நான் பேசினதுல எந்த வாக்கியம் எம்பேச்சு, எது வேதம் சொன்னதுன்னு தனியா தெரிஞ்சுதா?" என்று கேட்டார். மரியாதைக்காகக் கேட்கிறார் என்று நினைத்து, "எல்லாம் நல்லா இருந்துச்சு பாஸ்டர்" என்றேன். அவர் நகரவில்லை. "நல்லா இருந்துச்சான்னு கேக்கல டீச்சர்" என்றார்.

அப்போது சொன்னேன். வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வரும் கெட்ட குமாரனின் கதையைச் சொன்னபோது, தகப்பன் தினமும் தெருமுனையில் நின்று காத்திருந்தார் என்று அவர் உருக்கமாகப் பேசினார். சபையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆனால் தினமும் நின்றார் என்பது அந்தப் பகுதியில் இல்லை. மகன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டார் என்று மட்டும்தான் இருக்கிறது. அவர் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். அடுத்த வாரம் பிரசங்க பீடத்தில் ஏறியதும், "போன வாரம் உங்கள அழவச்ச வரி என்னுது. அது வேதத்துல இல்ல. மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் அன்றைய பகுதிக்குப் போனார். அன்றிலிருந்து நான் அவருடைய சபையாள்.

ஊர் நிறையப் பக்தர்கள் வந்துபோகும் இடத்தில் சுவிசேஷம் சொல்கிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் அவருக்கென்று தெளிவு இருந்தது. பௌர்ணமியன்று மலை சுற்ற வருகிறவர்களுக்குத் துண்டுப்பிரதி கொடுக்கலாம் என்று சபைக் கமிட்டியில் ஒருமுறை பேச்சு வந்தது. "நடந்து களைச்சு வர்றவங்க கையில காகிதத்தத் திணிக்கிறதுக்குப் பேரு சுவிசேஷம் இல்லீங்க. கேக்கிறவனுக்குச் சொல்லலாம். கேக்காதவன் வழியில போய் நிக்கக்கூடாது" என்று அதை அங்கேயே முடித்துவிட்டார். ஆனால் கேட்டவர்களுக்கு அவர் மழுப்பலாகப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் ஆட்டோ ஓட்டும் சங்கர் என்பவர், "எல்லாம் ஒண்ணுதானே பாஸ்டர்? எந்த வழில போனாலும் ஒரே எடந்தானே?" என்று கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு டீயைக் குடித்திருந்தால் யாருக்கும் வருத்தமில்லை.

"இல்லீங்க சங்கர். நான் அப்படி நம்பல. இயேசுதான் வழின்னு நம்பித்தான் வீட்ட விட்டு வந்தேன். நீங்க கேட்டதனால சொல்றேன். ஆமான்னு சொன்னா உங்களுக்கும் பொய் சொன்ன மாதிரி, அவருக்கும் பொய் சொன்ன மாதிரி."

சங்கர், "சரிங்க, நம்ம சாமி நமக்கு" என்று சிரித்துவிட்டு, பாஸ்டருடைய டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார். பாஸ்டரை அடக்கத்துக்குக் கொண்டுபோனபோது பின்னால் வந்த ஆட்டோக்களில் முதல் ஆட்டோ அவருடையது.

அந்த நம்பிக்கைக்கு அவர் கொடுத்த விலையை நான் நேரில் பார்த்தது அவருடைய அம்மா இறந்தபோது. சபையிலிருந்து சிலர் அவருடைய ஊருக்குப் போயிருந்தோம். அவர்கள் வழக்கப்படி தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். கடைசி மகன் இவர். "எங்கம்மாவுக்கு எல்லாம் செய்யறேன். குழி வெட்டணும்னா வெட்டறேன். இந்தச் சடங்கு மட்டும் என்னால ஆவாது" என்று அவர் கைகூப்பிச் சொன்னார். பந்தலில் கூச்சல் எழுந்தது. அவருடைய அண்ணன் கோவிந்தன் முன்னால் வந்து, "கொள்ளி வெக்காதவன் பாடையத் தொடாத. பின்னால தூரமா வா. இன்னையோட நீ எனக்குத் தம்பி இல்ல" என்றார்.

அவர் வாதாடவில்லை. வேத வசனம் எதையும் சொல்லவில்லை. ஊர்வலத்துக்கு வெகு பின்னால், செருப்பில்லாமல், தன்னந்தனியாக நடந்து வந்தார். நாங்கள் சேர்ந்து நடக்கப் போனபோது வேண்டாம் என்று கைகாட்டினார். திரும்பி வரும்போது வேனில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "தாயைக் கனம்பண்ணணும்னும் அதே வேதத்துலதான் இருக்கு டீச்சர். ரெண்டையும் ஒண்ணா செய்ய எனக்கு வழி தெரியல" என்றார்.

இனி வேங்கிக்கால் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் சிலர் அதனால்தான் எங்கள் சபையை விட்டுப் போனீர்கள். இதை வாசித்து உங்களுக்கு வருத்தம் ஏற்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத முடியாது.

அங்கே ஒரு மைதானத்தில் பந்தல் போட்டு நற்செய்திக் கூட்டம் நடத்தினோம். பேசுவதற்கு வெளியூரிலிருந்து பெயர் பெற்ற பிரசங்கியார் ஒருவரைக் கமிட்டி அழைத்திருந்தது. முதல் நாள் மாலையே கூட்டம் நிரம்பி வழிந்தது. கன்னியம்மா என்ற பெண் தன் மகள் வெண்ணிலாவை மேடைக்கு அழைத்து வந்தார். பள்ளிக்கூடம் போகிற வயது. அடிக்கடி வலிப்பு வரும். பிரசங்கியார் சிறுமியின் தலையில் கைவைத்து உரத்த குரலில் ஜெபித்துவிட்டு, "விசுவாசம் இருந்தா அந்த மாத்திரைய இங்கேயே தூக்கி எறியம்மா" என்றார். கன்னியம்மா முந்தானையில் முடிந்திருந்த மாத்திரை அட்டைகளை எடுத்து வீசினார். பந்தல் அதிர அல்லேலூயா முழங்கியது.

மேடை நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாஸ்டர் எழுந்து கீழே இறங்கினார். மணலில் குனிந்து அட்டைகளைத் தேடி எடுத்தார். மீண்டும் மேடையேறி மைக்குக்காகக் கை நீட்டினார். ஜேக்கப் அண்ணன் பதறிப்போய் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"பாஸ்டர், விருந்தாளியா வந்திருக்காரு. கூட்டம் முடியட்டும், தனியா பேசிக்கலாம்."

"கூட்டம் முடிஞ்சா இந்தம்மா ஊருக்குப் போயிடும் ஜேக்கப். எல்லார் முன்னாடியும் சொன்னத எல்லார் முன்னாடியும்தான் திருத்தணும்."

மைக்கில் அவர் பேசியது கொஞ்ச நேரம்தான். குரலை உயர்த்தவும் இல்லை. "சகோதரர் இப்ப சொன்னது வேதத்துல இல்ல. சுவிசேஷம் எழுதினவங்கள்ல ஒருத்தர் வைத்தியர். அப்போஸ்தலரே தன்கூட ஊழியம் செஞ்சவருக்கு வயித்து நோவுக்கு என்ன குடிக்கணும்னு எழுதியிருக்காரு. மருந்து சாப்பிட்டா விசுவாசம் கம்மின்னு எந்த எழுத்திலயும் இல்ல. அம்மா, ஆண்டவர் சுகம் குடுப்பாருன்னு நானும் நம்புறேன். தினமும் கேப்பேன். அவர் குடுத்தா அது டாக்டருக்கும் தெரியும். அதுவரைக்கும் இத நிறுத்தாதீங்க." அட்டைகளைக் கன்னியம்மாவிடம் நீட்டினார்.

கன்னியம்மா வாங்கவில்லை. "எம்பொண்ணுக்கு நல்லது நடக்கச்சொல்லோ நடுவுல வந்து நிக்கிறியே, நீயெல்லாம் ஒரு ஊழியக்காரனா?" என்று அழுதபடி மகளை இழுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அன்று பாஸ்டரின் முகத்தைப் பார்த்தவர்கள் அவர் வென்றுவிட்டதாகச் சொல்லமாட்டார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். வெளியூர்க்காரர் அடுத்த நாள் பேசாமலே ஊருக்குத் திரும்பினார்.

மறுநாளே பாஸ்டர் கன்னியம்மாவின் வீட்டுக்குப் போனார். அவர்கள் கதவைத் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் போனார். வாசலில் நின்று, "மாத்திரைய வாசப்படியில வெச்சிருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு வருவார். அப்படி ஒருநாள் அவர் நின்றுகொண்டிருந்தபோதே உள்ளே வெண்ணிலா விழுந்தாள். வலிப்பு நிற்கவே இல்லை. கன்னியம்மா கத்திக்கொண்டு ஓடிவந்தார். பாஸ்டர் சிறுமியைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடி, மூட்டை ஏற்றி வந்த வேன் ஒன்றை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிழைத்துவிட்டாள். வார்டுக்கு வெளியே கன்னியம்மா அவருடைய காலில் விழப் போனபோது தடுத்து, "நான் ஒண்ணும் பண்ணலம்மா. ஊசி போட்டவங்களுக்குக் கும்புடு போடுங்க. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்றாராம். இதை எனக்குச் சொன்னவர் கன்னியம்மாதான்.

ஆனாலும் சில குடும்பங்கள் திரும்பவில்லை. ஏழுமலைக்குப் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இல்லை, அதனால்தான் அற்புதத்தைத் தடுக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். வெண்ணிலாவுக்கு முழுச் சுகம் இன்றுவரை வரவில்லை. வலிப்பு குறைந்திருக்கிறது, கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். பாஸ்டர் இதைப் பிரசங்கத்திலேயே ஒளிக்காமல் சொல்வார். "அந்தப் பொண்ணுக்காகக் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். இன்னும் கெடைக்கல. கெடைச்சத மட்டும் சாட்சி சொன்னா அது பாதி உண்மை. கெடைக்காததையும் சொல்லணும்."

பிறகு அவருடைய மனைவி கிரேஸ் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. வேலூருக்கும் இங்குமாக அலைந்தார்கள். சபையை விட்டுப் போன குடும்பங்களில் சிலர் வேறொருவரின் பிரசங்கத்தை அவருக்குச் செல்போனில் அனுப்பினார்கள்: விசுவாசக் குறைவால் வரும் நோய்கள் என்று தலைப்பு. அவர் பதில் அனுப்பவில்லை. கிரேஸ் அக்கா மாத்திரையும் ஜெபமுமாக இருந்து, கடைசியில் ஒரு மதியவேளையில் அவருடைய கையைப் பிடித்தபடியே போய்விட்டார்.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு வேறொரு போதகரை வரவழைத்திருந்தோம். "நான் இருக்கேன்" என்று அவரே பீடத்தில் ஏறினார். சங்கீதங்களில் ஒன்று இருக்கிறது. தொடக்கம் முதல் முடிவு வரை புலம்பல்தான், மற்றவற்றில் வருவதுபோல் கடைசியில் ஆறுதல் வராது, இருளோடே முடிந்துவிடும். அதை எடுத்து வாசித்தார். வழக்கமான அதே குரல். ஒரு சொல்லையும் இழுக்கவில்லை, விழுங்கவில்லை. முடித்ததும் புத்தகத்தின் மேல் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"இதுவும் வேதத்துல இருக்கு. இதையும் வாசிக்கணும். இன்னைக்கு இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியல."

இறங்கி வந்து, பீடத்தின் படியில் உட்கார்ந்துவிட்டார். பாட்டு இல்லை, ஆசீர்வாதம் இல்லை. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. நான் எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். ஒருவர் தன் நம்பிக்கையை முழுவதுமாக எழுத்தின் மேல் வைத்து, தனக்கென்று ஒரு சொல்லும் மிச்சம் வைத்துக்கொள்ளாமல் நின்றதை அன்று ஒருநாள்தான் பார்த்தேன். இல்லாத ஆறுதலை அவர் சொல்லியிருந்தால் நாங்கள் அன்றைக்கு வீட்டுக்கு லேசாகப் போயிருப்போம். அதற்குப் பிறகு அவர் சொன்ன எந்த ஆறுதலையும் நம்பியிருக்கமாட்டோம்.

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் திருநீறு. அவருடைய அண்ணன் கோவிந்தன். அம்மா இறந்த நாளிலிருந்து தம்பியோடு பேசாதவர், தம்பி மனைவியாகப் பாவிக்காமல் முன்பு தங்கையாகவே பாவித்த கிரேஸ் அக்காவின் சாவுக்கு வந்து, ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கியிருக்கிறார். எங்களில் யாருக்கும் அது தெரியாது. தம்பியின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். முதுகில் கைவைத்தார்.

"சாப்ட்டியா, ஏழுமல?"

பாஸ்டர் இல்லை என்று தலையசைத்தார். அத்தனை நாளும் எங்கள் முன்னால் அழாதவர் அப்போதுதான் அழுதார்.

கடைசிச் சில மாதங்களில் இதயம் பலவீனமாகி, சபைக்குப் பின்புறமுள்ள வீட்டிலேயே இருந்தார். பள்ளி முடிந்து வரும் வழியில் நான் போய் வேதம் வாசித்துக் காட்டுவேன். ஒருநாள் வாசித்து முடித்ததும், பீடத்தில் நின்று இவ்வளவு தைரியமாகப் பேச எப்படிக் கற்றீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். சிரித்தால் மூச்சு வாங்கும்.

"தைரியமா? ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அந்தப் படி ஏறச்சொல்ல காலு நடுங்கும் டீச்சர். கிரேஸுக்கு மட்டும் தெரியும். நாம பேசப்போறது நம்ம பேச்சு இல்லையே. ஒரு சொல்லு கூடக்கொறையப் போனா யாரோ ஒருத்தர் வீட்டுல மாத்திரை போடாம படுத்திருப்பாங்களேன்னு பயம். அந்தப் பயம் போன அன்னைக்கு நான் எறங்கிடணும்னு வேண்டிக்கிட்டேன். போகல. நல்லவேளை, போகவே இல்ல."

அடக்க நாளில் குழியருகே பேச அண்ணனை அழைத்தபோது கோவிந்தன் முதலில் மறுத்தார். பிறகு மண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு, "உங்க வேதம்லாம் எனக்குத் தெரியாது. எந்தம்பி பொய் சொல்லமாட்டான். அது தெரியும்" என்று சொல்லிக் குழியில் போட்டார். கன்னியம்மாவும் வெண்ணிலாவும் அவருக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். போன குடும்பங்களிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள்.

புதிய போதகர் இன்னும் நியமிக்கப்படவில்லை. அதுவரை ஒவ்வொரு வாரமும் சபையாரில் ஒருவர் பேச வேண்டும் என்று முடிவாகி, முதல் வாரத்துக்கு என்னைக் கேட்டார்கள். வகுப்பறையில் இத்தனை வருடம் நின்றவள், பேசுவதற்கு நான் தயங்கியதே இல்லை. அந்த ஞாயிறு புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பீடத்தின் முதல் படியில் கால் வைத்தேன். முழங்கால் நடுங்கியது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கொஞ்சம் நின்றேன். அவர் எனக்கு விட்டுப்போனது இந்த நடுக்கம்தான். இதை நான் பத்திரமாக வைத்திருப்பேன் என்று அவரை அறிந்த உங்கள் முன்னால் சொல்லிக்கொண்டு, மேலே ஏறி, அன்றைய பகுதியை வாசிக்கத் தொடங்கினேன்.